மாட்டுக்காரத் துரையும் என் தாய்மாமனும்

என் தாய்மாமன் வாய்விட்டுச் சிரித்து நான் முதலில் பார்த்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் புண்ணியத்தில்தான். பாளையம்பட்டி ஓரத்தில் போட்டிருந்த டெண்ட்டுக் கொட்டகையின் திரையில், அந்தக் கிழவர் தன் மகளின் கையைப் பிடித்து ஒரு குதிரைக்காரனிடம் கொடுத்தார். மணலில் உட்கார்ந்திருந்த மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். அது ஊமைப்படம். கிழவருக்காகத் தகரக் குழாயில் பேசிக்கொண்டிருந்தவன் நான்.

நாற்பதுகளில் பேசும்படங்கள் பெருகிவிட்டாலும், எங்கள் பக்கத்துக்குப் பழைய ஊமைப்படங்களும் வந்துகொண்டிருந்தன. இந்தப் படத்தின் கதை அமெரிக்காவில் பேர்போன நாவலாம். மாடு மேய்க்கிறவன் இடுப்பில் துப்பாக்கியோடு திரிகிறான், பண்ணைக்காரர் மகளை விரும்புகிறான். எங்கள் வானம் பார்த்த பூமியைப் போல அங்கேயும் ஒரே புழுதி. ஆனால் முறையில்லாத ஆணும் பெண்ணும் ஒரே குதிரையில் போனால் எங்கள் ஊர்ப் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் அந்தப் பண்ணைக்காரக் கிழவரை அவனுக்குத் தாய்மாமன் ஆக்கினேன். அவள் முறைப்பெண் ஆகிவிட்டாள்.

என் சொந்த ஆசையும் அதில் இருந்தது. எங்களுடையது வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். தறியில் உட்கார்ந்தால் பெண் உண்டு, குழாயில் கத்துகிறவனுக்குக் கிடையாது என்று மாமா முடிவாகச் சொல்லியிருந்தார். எனக்கு அவர் மகளும் வேண்டும், குழாயும் வேண்டும். தெருவுக்கே தெரிந்த விஷயம்.

அடுத்த வருஷம் அதே நாவல் பேசும்படமாக வந்தது. வேறு நடிகர்கள், வேறு குதிரைகள். அவர்கள் பேசிய இங்கிலீஷ் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது என்பதால், அதற்கும் குழாயில் தமிழ் சொன்னவன் நான்தான். கொட்டகை முதலாளி மாமாவை வருந்தி அழைத்து பெஞ்சில் உட்காரவைத்தார். “போன தடவ சிரிச்சாகல்ல, இந்தத் தடவ மனசு எளகிரும். கெழவன் பொண்ணக் குடுக்குற எடத்துல நல்லா அழுத்திச் சொல்லுலே” என்று என்னிடம் சொன்னார். படப்பெட்டி தாமதமாக பஸ்ஸில் வந்ததால் நான் முன்கூட்டிப் பார்க்கவில்லை. ஒரே நாவல்தானே, கதை எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

“இவுகதான் போன வருசம் பாத்த தாய்மாமன். ஆளு கொஞ்சம் மெலிஞ்சிருக்காக” என்று திரையில் வந்த கிழவரைக் குழாயில் அறிமுகம் செய்தேன். கூட்டம் மாமாவைத் திரும்பிப் பார்த்தது.

பாதிப் படத்தில் வினை வந்தது. எடுத்தவர்கள் கதையை மாற்றியிருந்தார்கள். மாடு திருடும் கூட்டத்துக்குத் தலைவரே அந்தக் கிழவர். நான் சொல்லாமல் விழுங்கினாலும், திருட்டு மாடுகள் அவர் தொழுவத்தில் நிற்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பரளச்சியிலிருந்து வண்டி கட்டி வந்திருந்த சம்சாரிகள் “களவாணிப் பய” என்று வைதார்கள். நாயகன் துப்பாக்கியை உருவிக் கிழவரின் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். கிழவர் இரண்டு கையையும் தூக்கினார். அங்கே ரீல் முடிந்தது.

கொட்டகையில் ஒரே மிஷின். ரீல் மாற்றும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்த வெளிச்சத்தில் கூட்டம் என்னைப் பார்த்தது, மாமாவைப் பார்த்தது. பெண்கள் பக்கம் அவர் மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண் தராத மாமனைச் சுட நானே கதை கட்டிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். “ஏதாச்சும் சொல்லித் தொலலே” என்று முதலாளி பல்லைக் கடித்தார். நான் குழாயைக் கீழே வைத்தேன். அவள் இனி எனக்கு இல்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்த நாவலைப் பின்னாளில் படித்தேன். அதில் கிழவர் மகளைப் பிடித்துக் கொடுக்கவும் இல்லை, மாடு திருடவும் இல்லை. தம் பாட்டுக்குச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இன்றுவரை அதைப் பல தடவை படமாக எடுத்துவிட்டார்கள், ஒவ்வொன்றிலும் கிழவர் ஒரு தினுசு. அன்றைக்கு இது தெரிந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வெளியே போகிறார் என்று எல்லாரும் வழி விட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார்.

“சுடச் சொல்லிராத மாப்ள. பொண்ணத் தாரேன்.”

கொட்டகை சிரித்த சிரிப்பில் மிஷின்காரர் ரீலைக் கீழே போட்டுவிட்டார். மாமா எங்களிடம் எப்போதும் தெலுங்குதான் பேசுவார். அதை மட்டும் ஊர் முழுக்கச் சாட்சியாக இருக்கட்டும் என்று தமிழில் சொன்னார்.