தலையில் ஏறின சொகுசுகள்

தலைச்சுமைத் தொழிலில் மலை ஒரு பெரிய தொல்லையே இல்லை. சுமைக்குச் சொந்தக்காரர் கூடவே நடந்து வருவதுதான் தொல்லை. உங்களில் யாராவது தலையில் சும்மாடு வைத்து மேடு ஏறியிருந்தால், இதைப் படிக்கும்போதே கழுத்தைத் தடவிக்கொள்வீர்கள். ஏறாதவர்களும் கல்யாண வீட்டுக்கு அண்டா தூக்கியிருப்பீர்கள். நீங்களும் நம்ம கூட்டம்தான்.

நான் பிறந்தது மயிலாடும்பாறை, வாக்கப்பட்டது தேவாரம். மேலே ஏலத்தோட்டங்களுக்கு மோட்டார் ரோடு இல்லாத காலம். தேவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி உச்சிக் கணவாயான மெட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் திருவிதாங்கூர் ராஜா சீமை. அரிசி, உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் எங்கள் தலையில் மேலே போகும். ஏலக்காய் எங்கள் தலையில் கீழே வரும். எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர் மொக்கையண்ணன். அவர் சம்சாரம் மாயக்காளை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவளுக்குச் சுமை ஏற ஏறத்தான் வாய் திறக்கும்.

அரிசி உப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மலைக்குப் புறப்படுகிறவர்கள் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு, 'இது இல்லாம என்னால அங்கன இருக்க முடியாது' என்று கடைசியாக ஒரு சாமானைக் கொண்டுவந்து நீட்டுவார்களே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சௌக்கையில் பாடின பெட்டி

ஒரு தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த கணக்கப்பிள்ளை, கல்யாணம் ஆகாத இளவட்டம், கிராமபோன் பெட்டியோடு வந்து நின்றார். மழைக்காலம் முழுக்க மேலே தனியாகக் கிடக்க வேண்டும், பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது என்று யாரோ அவரை நன்றாகப் பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் போர்வையைக் குறைத்துக்கொண்டு பாட்டை எடுத்துக்கொண்டார். பெட்டி மொக்கையண்ணன் தலையில், பித்தளைக் குழல் மதினி தலையில், இசைத்தட்டுகள் என் கூடையில் வைக்கோலுக்கு நடுவே. பாதி மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. மதினி சற்றும் யோசிக்காமல் குழலைக் கவிழ்த்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு நனையாமல் மலை ஏறியது அவள் ஒருத்திதான். தலை எண்ணெய் பட்டால் பாட்டு கெட்டுப்போகும் என்று கணக்கப்பிள்ளை புலம்பிக்கொண்டே வந்தார். பாட்டுக்கும் கொஞ்சம் எண்ணெய் நல்லதுதான் என்றாள் மதினி.

மெட்டில் திருவிதாங்கூர்ச் சௌக்கை, அதாவது சுங்கச்சாவடி. அங்கே காவலுக்கு இருந்த மலையாளத்துக்காரர் புகையிலை கடத்துகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே பிறந்தவர். குழலைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். பிறகு பெட்டியை ஆணி ஆணியாகக் கழற்றச் சொன்னார். கழற்றினால் திரும்ப மாட்ட அந்த மலையில் ஆள் கிடையாது. கணக்கப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. பாடிக் காட்டுகிறேன், ஒழுங்காகப் பாடினால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சினார்.

சாவி கொடுத்து ஊசியை வைத்தார். ஈரத்தில் முதலில் கரகரவென்று ஓர் இருமல். அப்புறம் ஒரு பெண்குரல் எழும்பி மூடுபனிக்குள் போனது. சௌக்கைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார். அது முடிந்ததும் அடுத்ததை எடுக்கச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் ஏறி வந்தவர்கள் எல்லாரும் சுமையை இறக்கிவிட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு அந்த வழியாக எவ்வளவு புகையிலை போனதோ, ராஜாவுக்குத்தான் நட்டம். பொழுது சாய்வதற்குள் போக வேண்டும் என்று மொக்கையண்ணன் நினைவூட்டிய பிறகுதான் எங்களை விட்டார். விடும்போது கணக்கப்பிள்ளையிடம் சொன்னார்:

"பொகையில இல்லா, சரி. பட்சே இதும் ஒரு லாகிரி தன்னெ."

வடுகபட்டியாரின் பொடி டப்பி

வடுகபட்டியிலிருந்து ஏலக்காய் பார்க்க வரும் வியாபாரி ஒருவர். உடம்பில் ஒரு மோதிரம்கூட இருக்காது. ஆனால் மூக்குப்பொடி மட்டும் எங்கிருந்தோ தருவித்த உயர்ந்த சரக்கு. வெள்ளி டப்பி, அதற்கு ஒரு வெல்வெட்டுப் பை. யாருக்கும் ஒரு சிமிட்டா தரமாட்டார். மதினி கேட்டுப் பார்த்தாள். பொம்பளை மூக்குக்கு இது காரம் என்று சொல்லிவிட்டார்.

மழை விட்டு மறுநாள் நாங்கள் அவரோடு ஏறும்போது அட்டைகள் இலைக்கு இலை நின்றன. அட்டை கடிக்காமல் காலில் தடவ எங்களிடம் இருந்த சுண்ணாம்பு பாதி வழியிலேயே தீர்ந்துபோனது. அவர் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார்; முழங்காலுக்குக் கீழே சிவப்பாக இருந்தது. அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கு மயக்கம் வருமாம். மதினி கேட்கவெல்லாம் இல்லை. வெல்வெட்டுப் பையிலிருந்து டப்பியை எடுத்து அவர் கால் இரண்டிலும் பொடியைத் தூவினாள். அட்டைகள் சுருண்டு சுருண்டு விழுந்தன. கண் திறந்தவர் சுற்றி நின்ற எங்கள் கால்களைப் பார்த்தார். கஞ்சர்தான், ஆனாலும் கல் நெஞ்சர் இல்லை. மீதிப் பொடியை எங்கள் எல்லாருடைய கணுக்காலிலும் தன் கையாலேயே தேய்த்துவிட்டார். டப்பி காலியான பிறகு அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இத்தன காலுக்கும் நல்லது பண்ணியாச்சு. என் மூக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

துரையின் தொட்டி

ரோடு போட வழி பார்ப்பதற்காக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். நல்ல மனிதர், நடையில் எங்களுக்குச் சளைக்காதவர். நாங்கள் சாப்பிடுவதையே சாப்பிடுவார், தரையில் படுப்பார். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டும்: சாயங்காலம் வெந்நீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து குளிக்க வேண்டும். அதற்காக ஒரு நீளமான தகரத் தொட்டி. அதை மொக்கையண்ணன் கவிழ்த்துத் தலையில் வைத்து நடந்தால் பின்னால் வருகிற எங்களுக்கு இரண்டு கால் மட்டும்தான் தெரியும். ஆமை மலை ஏறுகிறது என்பாள் மதினி.

துரைக்குச் சமையல்காரர் அந்தோணி. எங்கள் பக்கத்து வேதக்காரர், பயந்த சுபாவம். அன்று சோலை ஓரத்தில் கூடாரம் போட்டிருந்தோம். அந்தோணி தண்ணீர் காய்ச்சித் தொட்டியில் ஊற்றி, பதம் பார்த்து, துரையைக் கூப்பிடப் போனார். துரை இடுப்பில் துண்டும் கையில் சவுக்காரமுமாக வந்தார். தொட்டியருகே ஓர் ஒற்றை யானை நின்றுகொண்டிருந்தது. நாங்கள் பாறைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அது தும்பிக்கையை விட்டுச் சூடு பார்த்தது, பிடித்திருந்தது போலிருக்கிறது. ஓர் உறிஞ்சு குடித்தது, ஓர் உறிஞ்சை முதுகில் பீய்ச்சிக்கொண்டது. அவசரமே இல்லை. துரை ஒரு மரத்துக்குப் பின்னால் துண்டோடு குளிரில் நடுங்கினார். இது எப்போது போகும், விரட்ட வழி உண்டா என்று அந்தோணியின் காதில் ரகசியமாகக் கேட்டார். பயத்தில் அந்தோணிக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழிலேயே பதில் சொன்னார்:

"பொறுங்க தொரை, அவுக குளிச்சு முடிக்கட்டும். அவுகளும் மேடேறித்தான வந்திருக்காக."

ஆளுயரக் கண்ணாடி

மேலே ஒரு தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவருக்குக் கீழே கல்யாணம் நடந்து, பெண்ணை அழைத்துப் போனார். பெண் பேர் ராசாத்தி. சீராக வந்த பாத்திரங்களில் பாதியை விட்டுவிட்டு ஓர் ஆளுயரக் கண்ணாடியைக் கொண்டுவந்தாள். அவள் அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்தது. காட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மேஸ்திரி முணுமுணுத்தார். நான் பார்த்துக்கொள்வேன் என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மெத்தையில் சுற்றிக் கம்பில் கட்டி, நானும் மதினியும் முன்னும் பின்னுமாகத் தூக்கினோம். கூட நடந்தது மேஸ்திரியின் பயம்: கல்யாணமான முதல் வாரத்தில் கண்ணாடி உடைந்தால் ஊர் என்ன பேசும்? ஒவ்வொரு பாறையிலும் எங்களுக்கு முன்னால் போய்க் காலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். ஓடையில் அவரே வழுக்கி விழுந்தார், கண்ணாடி விழவில்லை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து மெத்தையைப் பிரித்தோம். சேதி பரவி, காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு வந்துவிட்டார்கள். கையளவு கண்ணாடியில் மூக்கையும் பொட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஒருத்தி சேலையைச் சரிசெய்தாள். ஒருத்தி சிரித்துப் பார்த்தாள். ஒருத்தி வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கடைசியாக வந்தவள் வீருச்சின்னு. சின்ன வயதில் மலை ஏறியவள், கீழே இறங்கியதே இல்லையாம். அவள் அம்மா செத்த சேதி வந்தபோதுகூட வெள்ளத்தில் பாதை அடைபட்டுக் கிடந்ததாம். எல்லாரும் அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றாள். நரைத்த தலையைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்:

"ஏண்டி, எங்க ஆத்தா எப்ப இங்கன வந்தா?"

முதலாளியின் சாய்வு நாற்காலி

இதுதான் நாங்கள் சுமந்ததிலேயே அதிகம் வைது தீர்த்த சாமான். கம்பத்து முதலாளி ஒருவருக்கு மேலே தோட்டம். பெருத்த உடம்பு. வருகிறபோதெல்லாம் தேக்கு மரத்தில் செய்த சாய்வு நாற்காலியும் வரும். திரும்பும்போது அதுவும் இறங்கும். வேறு எதில் உட்கார்ந்தாலும் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். மொக்கையண்ணன் அந்த நாற்காலியைத் திட்டாத திட்டு கிடையாது, அதுவும் முதலாளி காதில் விழுகிற மாதிரி.

ஒரு தடவை நாங்கள் மேலே இருந்தபோது பேச்சியம்மா என்கிற தோட்டத்துப் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டு, பிள்ளை இறங்காமல் கிடந்தாள். பேறு பார்க்கிற கிழவி, இனி என் கையில் இல்லை, கீழே டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டாள். கம்பளியில் தொட்டில் கட்டித் தூக்கிப் பார்த்தோம். உடம்பு மடங்கியதும் பேச்சியம்மா துடித்துப்போனாள். அவள் புருசன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். சத்தம் கேட்டு முதலாளி பங்களாவிலிருந்து வந்தார். பார்த்தார், திரும்பிப் போனார். மதினிக்குக் கோபம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் அந்த நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்.

இரண்டு பக்கமும் மூங்கிலைக் கட்டி, அவளைச் சாய்த்துப் படுக்கவைத்து இறங்கினோம். தூறல் விழுந்தது. முதலாளி குடையை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினார். அந்தச் சரிவில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்துதான் வந்தார், ஆனால் நிற்கவில்லை. பாதி வழியில் பேச்சியம்மா இறக்கச் சொன்னாள். ஒரு தட்டைப் பாறையில் நாற்காலியை வைத்தோம். பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்தோம். முதலாளி பள்ளத்தாக்கைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, குடையை மட்டும் பின்பக்கமாக நீட்டிப் பிடித்தார். குடை விலகவே இல்லை. பிள்ளை வந்தது, அழவில்லை. மதினி அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், ஊதினாள், திரும்பத் தட்டினாள். அப்புறம் ஒரு சின்னத் தும்மல். அதைத் தொடர்ந்து மலையே கேட்கிற மாதிரி அழுகை.

தாயையும் மகளையும் அதே நாற்காலியில் தேவாரம் வரைக்கும் தூக்கி வந்தோம். இரண்டு பேரும் பிழைத்தார்கள். நாற்காலியின் படுதாத் துணி பாழாய்ப்போயிருந்தது. மொக்கையண்ணன் தயங்கித் தயங்கி முதலாளியிடம் போய், இந்த நாற்காலியை வைததை எல்லாம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். முதலாளி எங்கள் ஊர்ச் சாவடிக் கல்லில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"இம்புட்டு நாளும் வெறும் நாக்காலியத்தானப்பா தூக்குனீக, வையாம என்ன செய்வீக? இன்னிக்கித்தான் அதுல ஆளு இருந்துச்சு."

தலகாணி

அடுத்தவர் சொகுசையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கும் ஒன்று இருந்தது. மொக்கையண்ணன் இலவம்பஞ்சுத் தலகாணி ஒன்றை மூட்டைக்கு மேலே கட்டிக்கொண்டுதான் எப்போதும் மலை ஏறுவார். போடிப் பக்கம் காய்த்த பஞ்சு, மதினி தைத்த உறை. கனமே இருக்காது, ஆனால் பாதையில் நீட்டியிருக்கிற கிளை ஒவ்வொன்றும் அதைப் பிடித்து இழுக்கும். ஒரு தோட்டத்தில் சுமையை இறக்கிவிட்டுக் கொட்டகையில் அவர் அதைத் தட்டிப் போடுவதைப் பார்த்த எழுத்தர், கூலிக்காரனுக்குத் தலகாணி ஒரு கேடா, எங்கள் சாமானில் இன்னும் ஒரு படி ஏற்றியிருக்கலாமே என்றார். எங்களுக்கெல்லாம் முகம் சுருங்கிப்போனது. அடுத்த நடை சுமை கிடைக்காமல் போய்விடுமோ என்று நான் அண்ணனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர் கோபப்படவே இல்லை. சாவகாசமாகப் படுத்து, தலையைச் சரியாக நடுவில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"பகலெல்லாம் ஒங்க சாமானச் சொமக்குற தலை இதுங்க. ராவுலயாச்சும் இத ஏதாச்சும் சொமக்கட்டுமே."

இத்தனை வருசத்தில் அரிசி மூட்டையைத் தூக்கும்போது ஒருவர்கூட என்னிடம் 'பத்திரம்' என்று சொன்னதில்லை. இல்லாமலே இருந்துவிடக்கூடிய சாமானுக்குத்தான் அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் 'பாத்து, பாத்து' என்று கூடவே நடந்து வந்தார்கள்.