பூவரசன் அண்ணனின் பைனாகுலர்

பூவரசன் என் பெரியப்பா மகன். திண்டிவனத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் லைன்மேன். கம்பத்தின் மேல் ஏறிவிட்டால் ஏரியைப் பார்த்தபடியே நின்றுவிடுவார். கரண்ட்டுக்காகக் கீழே காத்திருப்பவர்கள், “ஃபியூஸ போட்டுட்டு அப்பறம் கொக்க எண்ணுய்யா” என்று கேலி செய்வார்கள்.

போன சித்திரையில் கம்பத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், பேசுவதில்லை என்று சித்ரா அண்ணி சொல்லச் சொல்ல, மஸ்கட்டில் இருந்த எனக்கு ஊர் நம்பர் திரையில் வந்தாலே எடுக்கப் பயமாக இருந்தது.

ஆனியில் அவராகவே ஒன்று கேட்டார். ஒரு பைனாகுலர். வீடு மேட்டில் இருப்பதால் பின்ஜன்னல் வழியாக ஏரி முழுவதும் தெரியும். மழைக்குப் பிறகு வடக்கேயிருந்து ஊசிவால் வாத்துகள் வரும். அதைப் பார்க்க வேண்டும் என்றார். அதுவரைக்குமாவது சாப்பிடுவார் என்று அண்ணி நம்பினார். நானும் நம்பினேன்.

பவர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் தென்னரசு, அண்ணனின் கூட்டாளி, இரண்டைக் கொண்டுவந்து கொடுத்துப் பார்க்கச் சொன்னான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டியது படுத்தவர் கையில் ஆடியது. எட்டு மடங்கு நின்றது. விடிகிற வெளிச்சத்திலும் தெளிவு. அதையே வாங்கலாம் என்று முடிவானது. அதிலும் இரண்டு வகை. ஒன்று தண்ணீர் புகாதபடி அடைத்தது, விலை ஏறக்குறைய இரட்டிப்பு. அடைத்ததையே வாங்கச் சொன்னேன், பணம் நான் தருகிறேன் என்றேன்.

“மல்லாக்கப் படுத்துக்கினு இருக்கறவன் மேல மழ எங்கடா வந்து பெய்யப் போவுது?” என்றார்.

சாதாரணத்தையே வாங்கினோம். கண்ணாடி நல்ல கண்ணாடிதான். தலையணையை உயர்த்தச் சொன்னார். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைப்பதை வீடியோ காலில் எனக்கு விவரித்தார். கேப்பைக் கூழ் இரண்டாவது தம்ளர் கேட்டாராம். அந்த இரண்டு மாதமும் எனக்குப் போன் பயம் குறைந்திருந்தது.

ஆயுத பூஜைக்கு அண்ணி அவருடைய கட்டிங் பிளேயரையும் டெஸ்டரையும் எடுத்து வைத்தார், பக்கத்தில் பைனாகுலரையும். நான்கு கண்ணாடியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். மறுநாள் அவர் விழிக்கும் முன்பே குழாயடியில் வைத்து, காய்ந்த சந்தனத்தைப் பாத்திரம் விளக்கும் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, தலைமாட்டில் வைத்துவிட்டார். “அவுருக்கு இப்ப தொழிலுன்னா இதான தம்பி, பளபளன்னு கழுவி வெச்சிட்டேன்” என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

அண்ணன் எடுத்துப் பார்த்தால் கண்ணாடியின் மேலே கீறல், உள்ளே புகுந்த நீரின் ஆவி. கழுத்து பெல்ட்டை மாற்ற வேண்டும் என்று அண்ணியிடம் சாக்குச் சொல்லித் தென்னரசு அதை விழுப்புரம் கடைக்குக் கொண்டுபோனான். பிரித்தால் இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்காது, புதிதே வாங்கிவிடுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஐப்பசி மழை ஏரியை நிறைத்தது. வாத்துகள் வந்துவிட்டதாகத் தென்னரசு செய்தி அனுப்பிய அன்று நான் கூப்பிட்டேன். அண்ணன் பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தார். பக்கத்திலிருந்து அண்ணி கேட்டார்.

“வந்துட்சா?”

“வந்துட்சு.”

“எத்தினி இருக்கும்?”

“நெறைய. வால்லாம் ஊசி மாரி நீட்டிக்கினு கீது.”

அண்ணி சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்க்கப் போனார். அண்ணன் போனைத் திருப்பி, பைனாகுலரின் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். திரை முழுக்க வெள்ளை. அடைத்த ரகத்தையே உடனே அனுப்புகிறேன் என்றேன்.

“வேணாண்டா. நல்லாத் தெரியுதுன்னு சொல்லிட்டேன். புதுசு வந்தா, கெடுத்தது தான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்.”

உள்ளேயிருந்து அண்ணி, கூழ் கொண்டுவரட்டுமா என்று கேட்டது எனக்கும் கேட்டது. அப்புறம் பார்க்கலாம் என்றார் அண்ணன்.