சுற்றுகிற ஆடும் டாக்டர் பங்கும்

1. முதல் நாள்

அச்சங்குளம் பக்கத்துக் கால்நடைக் கிளை நிலையத்துக்கு நான் மாறுதலாகி வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகான ஒரு வருடத்தில். முதல் நாளே மாரியம்மாள் என்பவர் ஒரு செம்மறியை இழுத்துக்கொண்டு வந்தார். ஆடு தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. மாரியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிறவர்.

"கம்பெனியில நாள் முச்சூடும் நான் சுத்துறேன் சார். வீட்டுக்கு வந்தா இது சுத்துது" என்றார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை ஆய்வாளர், டாக்டர் அல்ல. டாக்டர் சாத்தூரில் இருப்பார். நான் ஊசி போடுகிறவன், குடற்புழு மருந்து ஊற்றுகிறவன். ஆனால் ஊரில் எல்லாரும் என்னை டாக்டர் என்றார்கள். திருத்தலாம் என்று நினைப்பதற்குள் எனக்குப் பழகிவிட்டது.

டாக்டராகிவிட்ட பிறகு நோயைக் கண்டுபிடிக்காமல் இருக்க முடியுமா? சுற்றிலும் பட்டாசுக் கம்பெனி, ஆடு மேய்வது கம்பெனி வேலியோரம். "வெடிமருந்து மூளைக்கு ஏறிவிட்டது" என்று அடித்துச் சொன்னேன். ஒரு சத்து ஊசியும் போட்டேன். ஆடு சுற்றிக்கொண்டேதான் போனது.

மறு வாரம் அது எழுந்திருக்க முடியாமல் விழுந்ததும் அறுத்துக் கூறு போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றின ஆட்டின் கறியை வாங்குவார்கள், தலையை மட்டும் தொடமாட்டார்கள். தின்றவருக்கும் கிறுக்குப் பிடிக்கும் என்று பயம். இது எனக்குத் தெரியாது. தலையைப் பையில் போட்டு "டாக்டர் பங்கு" என்று கொடுத்தபோது, வந்த வாரமே இவ்வளவு மரியாதையா என்று மகிழ்ந்துபோனேன்.

அந்த மகிழ்ச்சி பாதி வழிவரை இருந்தது. பிறகு என் கண்டுபிடிப்பே என்னைப் பயமுறுத்தியது. மூளையில் வெடிமருந்து ஏறிய தலையை எப்படிச் சாப்பிடுவது? வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனி. அதன் கேட்டில் வாட்ச்மேன் இருளப்பன் வளர்க்கும் மணி என்ற நாய் வாலை ஆட்டியது. தலையை அதற்குப் போட்டுவிட்டேன். நாயின் மூளைக்கு வெடிமருந்து ஏறாதா என்ற கேள்வி, டாக்டரான எனக்கு வரவே இல்லை.

அதற்குப் பிறகும் அவ்வப்போது ஆடு சுற்றியது, டாக்டர் பங்கு வந்தது, மணிக்குப் போனது.

2. கட்டைவிரல்

மறு வருடம் தீபாவளி சீசனுக்கு முன்னால் மாரியம்மாளின் இன்னொரு ஆடு சுற்றத் தொடங்கியது. அன்று முகாமுக்காகச் சாத்தூர் டாக்டரம்மா வந்திருந்தார். நான் முந்திக்கொண்டு வெடிமருந்து விவகாரத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆட்டின் மண்டையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இங்க அழுத்துங்க" என்றார்.

அழுத்தினேன். எலும்பு காகித அட்டைபோல உள்ளே போனது. அத்தனை ஆட்டுத் தலைகளைப் பிடித்திருக்கிறேன், ஒன்றையும் அழுத்திப் பார்த்ததில்லை.

ஆடு பிழைக்கிற நிலையில் இல்லை. அறுத்த பிறகு டாக்டரம்மா மண்டையைத் திறந்து காட்டினார். மூளைக்குள் எலுமிச்சை அளவில் ஒரு நீர்ப்பை. அதன் சுவரில் ரவை ரவையாக வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவின் தலை என்றார். நாயின் குடலில் நாடாப்புழு இருக்கும். அதன் முட்டை நாய் மலத்தோடு புல்லில் விழும். புல்லை மேய்கிற ஆட்டின் மூளையில் இந்தப் பை வளரும். அந்தத் தலையை நாய் தின்றால் மறுபடியும் நாயின் குடலில் புழு.

மனிதர் தின்றால் என்ன ஆகும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். நன்றாக வேகவைத்துத் தின்றால் இந்தப் புழு ஒன்றும் செய்யாது, நாயைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடுவதுதான் ஆபத்து என்றார். அதாவது முதல் தலையையே நான் குழம்பு வைத்திருந்தால் எனக்கும் கேடில்லை, ஊருக்கும் கேடில்லை.

3. பாதிப் பாடம்

மறுநாள் காலை கம்பெனி வேனுக்காக ஆட்கள் காத்திருக்கும் இடத்துக்குப் போய் இதையெல்லாம் பாடமாக நடத்தினேன். எனக்குப் புதிதாக எது தெரிந்தாலும் உடனே பிறருக்குச் சொல்லியாக வேண்டும். நாயின் குடல், புழு, முட்டை, மூளை என்று விரிவாகப் போய்க்கொண்டிருந்தபோது வேன் வந்துவிட்டது. நாய்க்கு மாத்திரை கொடுத்தால் போதும், தலையைப் புதைத்துவிட வேண்டும் என்கிற மீதிப் பாடம் என் வாயிலேயே நின்றது.

அந்தப் பாதிப் பாடம் பகல் முழுக்கக் கம்பெனி கம்பெனியாகச் சுற்றியிருக்கிறது. சாயங்காலம் வேன் திரும்பியபோது அது, நாயை அடித்துப் போட்டால் ஆடு பிழைக்கும் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றாகியிருந்தது. ஆடு போனவர்கள் கம்பும் கடப்பாரையுமாக, ஆடு மேய்கிற வேலியோரம் திரியும் மணியைத் தேடிக் கிளம்பினார்கள். எனக்குச் செய்தி வந்ததும் மாத்திரையை எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். ஒன்றும் அறியாத நாய் என் வாயால் சாகப்போகிறதே என்று இன்னும் வேகமாக மிதித்தேன்.

இருளப்பன் கேட்டை மறித்து நின்றுகொண்டிருந்தார். மனைவி போன பிறகு அவரோடு இருந்தது அந்த நாய் மட்டும்தான். ஆனாலும் பேச்சு வாட்ச்மேன் பேச்சு.

"ஏலே, இரும்பு எல்லாத்தையும் வெளிய போட்டுட்டு வாங்க. உள்ள உரசுனா என்னாகும்னு தெரியும்ல."

ஆத்திரத்தோடு வந்த அத்தனை பேரும், தினமும் செய்கிற பழக்கத்தில், கடப்பாரையைக் கீழே வைத்தார்கள். அந்த இடைவெளியில் நான் உள்ளே புகுந்து மீதிப் பாடத்தைத் தொடங்கினேன். நாய் தானாகப் போய் ஆட்டு மண்டையை உடைக்கவில்லை, சுற்றின ஆட்டின் தலையை அதற்குப் போட்டவர்கள்தான் காரணம் என்றேன். கூட்டம் அடங்கியது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பாடத்தின் வேகத்தில் என்னையே மறந்து விரலை நீட்டி, "இதற்குத் தலையைப் போட்டது யார்?" என்று கேட்டேன்.

இருளப்பன் காலடியில் படுத்திருந்த மணி எழுந்தது. கூட்டத்தில் ஒருவரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்து, என் பையில் மூக்கை நுழைத்து, வாலை ஆட்டியது.

மாரியம்மாள்தான் வாய் திறந்தார். "சார், அதுக்கு ஒங்களத்தான் தெரியுது."

முதலில் சிரித்தவர் இருளப்பன். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு யாருக்கும் நாயை அடிக்க மனம் வரவில்லை. அன்றைக்கு மணியைக் காப்பாற்றியது என் பாடம் அல்ல, என் அவமானம். மாத்திரையைப் பரோட்டாத் துண்டில் வைத்துக் கொடுத்தேன். புழுவைக் கண்ணெதிரேயே காட்டுகிறேன் என்று மறுநாள் எல்லாரையும் கூட்டினேன். அது குடலிலேயே கரைந்துபோயிருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாத்திரையை முதலில் சொல்லுங்கள், நோயைப் பிறகு விளக்கலாம். வேன் எப்போது வேண்டுமானாலும் வந்துவிடும்.

மாறுதலாகிப் போகும் நாளில் மாரியம்மாள் ஒரு பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"டாக்டர் பங்கு சார். இது சுத்தாத ஆடு. நானே அமுக்கிப் பாத்துட்டேன், நம்பிச் சாப்பிடுங்க."

பஸ் நிறுத்தம் வரை மணி என் பின்னாலேயே வந்தது. பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினேன்.