ஹாஜியாரின் பிஸ்மில்லாஹ்

கல்முனையில் நான் மேற்பார்வையாளராக இருக்கும் அரிசி ஆலையில் காலை வேலை ஏன் எப்போதும் பிந்துகிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை. ஆட்கள் நேரத்தோடு வந்துவிடுவார்கள். ஆனாலும் நாவிதன்வெளியிலிருந்து நெல் ஏற்றிவரும் உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசையாக நிற்கும். காத்திருந்து அலுத்த சிலர் வேறு ஆலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

அதனால் ஒரு நாள் ஆலையை நிறுத்திவிட்டு, குறையை எல்லோருமாகத் தேடிப் பிடிக்க வட்டமாக உட்கார்ந்தோம். அன்றைக்கு யாரும் யாருக்கும் மேலில்லை என்பது பேச்சு. முதலாளி ஹாஜியாரும் எங்களோடு உட்கார்ந்தார். தராசு பழசு, பாதை ஒடுக்கம் என்று என்னென்னவோ சொன்னார்கள்.

மூட்டை தைக்க பாண்டிருப்பிலிருந்து வரும் மாலதிதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஹாஜியார் வந்து பிஸ்மில்லாஹ் சொன்னாத்தானே முத மூட்டைய தராசில வைக்கிற? அதுவரைக்கும் நாங்க சும்மாதானே நிக்கிறம்?”

நான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். ஹாஜியார் கோபப்படவில்லை. விடுகதை கேட்டவர்போல எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

“எனக்காக நிக்கச் சொல்லி ஆரு சொன்ன?”

ஒருவருக்கும் தெரியவில்லை.

“பிஸ்மில்லாஹ் எண்டா அல்லாஹ்ட பேரால தொடங்குறதுதானே, அத ஆரும் சொல்லலாம். நாளைக்கு நீங்களே தொடங்குங்க.”

மறுநாள் அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தபோது வாசல் வெறுமையாக இருந்தது; வந்த நெல் மூட்டைகள் எல்லாம் தராசில் ஏறி முடிந்திருந்தன. தராசடியில் சற்று நேரம் நின்றார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, இப்ப எனக்கு என்ன வேல?”

எல்லோருடைய காத்திருப்பையும் தேடிப் பிடித்த நாங்கள், இத்தனை காலமும் காக்கவைத்தவரின் காலைப்பொழுதை என்ன செய்வது என்று யோசித்திருக்கவே இல்லை.