இருபத்து நான்கு குதிரைகளின் அங்கவடி

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்குச் சேனாதிபதி என்று பெயர். வீட்டில் ஆயிரத்துச் சொச்சம் சிப்பாய்களை வைத்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? எல்லாம் கட்டைவிரல் உயரம்தான். பொய்ப்பல்லுக்கு மெழுகு செதுக்கும் அதே கம்பியால் ஒரு வீரனைச் செதுக்குவாள். அதை அச்செடுத்து, ஈயத்தில் ஒன்றுபோல் வார்த்து, வண்ணம் தீட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை போர் விளையாட்டு மன்றத்தில் மேசைமேல் பச்சைத் துணி விரித்து, பகடை உருட்டி, அளவு நாடாவால் அளந்து அளந்து படைகளை நகர்த்துவார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சண்டை. ஹான் அரசர்களின் சீனப்படை அவள் தங்கையுடையது. வடக்கிலிருந்து வந்து அதைப் பாடாய்ப் படுத்திய குதிரை நாடோடிகள் அக்காவான இவளுடையவர்கள்.

தங்கை பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால், நடு ஆட்டத்தில் டீ வாங்கப் போனாள். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குப் புத்தி எங்கே போச்சோ, தன் குதிரைப்படையை ஒரு விரற்கடை முன்னே தள்ளிவிட்டாள். டீயோடு வாசலில் நின்ற தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

"நகர்த்துனியாக்கா?"

"நானா? உனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

இத்தனை பேர் முன்னால் மானம் போகுமே என்று ஒரே சாதிப்பாகச் சாதித்தாள், பாவி. தங்கை டீயை மேசையில் வைத்துவிட்டுப் போனவள்தான். போனில்லை, பேச்சில்லை. அக்காவின் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தாள். அவன் தலையைத் தடவிவிட்டு, இவள் பக்கம் திரும்பாமலேயே போய்விட்டாள்.

போன மாதம் திடீரென்று தங்கையிடமிருந்து ஒரு செய்தி: "கடைசி ஞாயிறு வரேன். ஒரு ஆட்டம்." அவ்வளவுதான். அதற்காகவே இருபத்து நான்கு புதுக் குதிரை வீரர்களைச் செய்தாள் அக்கா. இந்த ஆட்டமும் கெட்டால் தங்கை மறுபடி வரமாட்டாள். அப்படியொரு அழுத்தக்காரி அவள்.

மன்றத்தில் ஒரு பரிசோதகர் உண்டு. நிலஅளவை ஆபீசில் வரைபடம் போட்டு ரிட்டயர் ஆனவர். ஒவ்வொரு படையும் அதன் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பொருந்தாததை மேசையில் ஏற்றவிடமாட்டார். அந்த ஞாயிறு சேனாதிபதியின் குதிரைத் தட்டைப் பார்த்து, "பிரமாதம், பாஸ் ஆயாச்சு!" என்றார்.

மணி பத்து. தங்கை வந்தாள். "வா" என்றதற்கு ஒரு தலையாட்டல். தன் குதிரை வீரர்களை எதிரே வரிசையாக வைத்தாள். அவர்களின் கால்கள் சும்மா தொங்கின.

அக்கா தன்னுடையதைக் குனிந்து பார்த்தாள்.

அங்கவடி! தெருவில் போன போலீஸ் குதிரையைப் பார்த்து வீரனின் காலைச் செதுக்கியவள், போலீஸ்காரர் கால் வைத்திருந்த வளையத்தையும் சேர்த்தே செதுக்கியிருந்தாள். அந்தக் காலத்தில் அங்கவடி ஏது? அது வர இன்னும் சில நூறு வருஷம் ஆகும். ஒரே அச்சில் வார்த்த இருபத்து நான்கிலும் அதே தப்பு. செருப்பின் நிறமே வளையத்துக்கும் அடித்திருந்ததால் பரிசோதகர் கண்ணில் படவில்லை.

சொன்னால் படை வெளியே, ஆட்டம் போச்சு. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. அன்றைக்கும் இப்படித்தான் நினைத்தோம் என்று தோன்றியதும் பரிசோதகர் பக்கம் திரும்பினாள்.

"சார்," என்றாள். "என் படையில தப்பு இருக்கு. எல்லாத்துலயும் அங்கவடி வச்சுட்டேன்."

பரிசோதகருக்குச் சுருக்கென்றது. "நான் பாஸ் பண்ணினப்புறமா சொல்றது? சரி, விதி ஒண்ணு இருக்கு. எதிராளி ஆட்சேபிக்கலேன்னா அப்படியே ஆடலாம். என்னம்மா சொல்றீங்க?"

தங்கை குதிரை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஆட்சேபம் இருக்கு," என்றாள் தங்கை.



"அப்போ மணி அடிக்கிறதுக்குள்ள சரிபண்ணணும்," என்றார் பரிசோதகர். "பத்தரைக்கு அடிப்பேன். இல்லேன்னா மேசை அடுத்த ஜோடிக்கு."

அக்கா பெட்டியைத் திறந்து அரத்தை எடுத்தாள். நாற்பத்தெட்டு வளையம். அரை மணியில் ஒரு ஆளால் ஆகிற காரியமா? எதிர் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"இன்னொரு அரம் இருக்கா?" என்றாள் தங்கை.

இரண்டு பேரும் வளையங்களை ராவினார்கள். ஒன்பதாவது குதிரையில் அக்காவுக்கு அடக்க முடியவில்லை.

"அன்னிக்கு நான்தான் நகர்த்துனேன்."

தங்கை தலை நிமிரவில்லை. "தெரியும். இதச் சொல்ல மூணு வருஷமாக்கா?"

அக்கா பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"அழுறத அப்புறம் வச்சுக்கோ. இன்னும் பதினஞ்சு குதிர இருக்கு."

மணி அடித்தபோது இரண்டு பாக்கி. அவற்றை ஓரங்கட்டிவிட்டு இருபத்திரண்டோடு களத்தில் இறங்கினாள் அக்கா. ஆட்டம் சூடு பிடித்தது. அவளுடைய குதிரைப்படை சீன வில்வரிசையைத் தொடுமா தொடாதா என்று இழுபறியாக நின்ற நேரம். ஒரு விரற்கடைதான் பிரச்சினை.

தங்கை அளவு நாடாவை அவள் கையில் கொடுத்தாள்.

"நீயே அளந்து வை, அக்கா. நான் போய் டீ வாங்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.