வரக்கடி

இன்று காலை எனக்கு ஆன்லைனில் வேலை இண்டர்வியூ. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரி ஊர்த் தெருவிலோ வீட்டுக்கு வீடு பவர்லூம் தறி. பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது.

"சாமி, அரைமணி நேரம் இந்தச் சத்தம் நின்னா போதும்" என்று வேண்டிக்கொண்டேன்.

நின்றது. இண்டர்வியூ தொடங்கிய இரண்டாவது நிமிடம் கரெண்டே போய்விட்டது. கூடவே என் வைஃபையும்.

வாசலுக்கு வந்து புலம்பினேன். பக்கத்து வீட்டில் தறி ஓட்டும் லட்சுமி அக்கா சிரித்துவிட்டார்.

"நாய் கடிச்சா நாய்க்கடி. கேட்ட வரமே கடிச்சா அது வரக்கடி. இந்தா, என் போன்ல நெட்டு கீது, எடுத்துக்கோ."

அதை வைத்து மறுபடி இணைந்தேன். பாதியில் ஃபேன் சுற்றத் தொடங்கியது. கரெண்ட் வந்துவிட்டது, இனி தறிகளும் கிளம்பும், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு தறிகூட ஓடவில்லை.

பேசி முடித்து வெளியே வந்தால், அக்கா தெரு நடுவில் நின்று இரண்டு பக்கமும் 'ஓட்டாதீங்க' என்று கை காட்டிக்கொண்டிருக்கிறார். நெய்த மீட்டருக்குத்தான் கூலி என்று தெரிந்தும் அத்தனை பேரும் வாசலில் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். போனை அக்காவிடம் நீட்டினேன்.

"ஆச்சாம்மா? உனக்கு வேலை கெடைக்கணும்னு காணிப்பாக்கம் புள்ளையாராண்ட வேண்டிக்கினு கீறேன்."

"எந்த ஊரு, எந்த ஷிப்ட்டுன்னும் சேத்து சொல்லிடுக்கா."

"நைட் ஷிப்ட்டு வந்தா அதுக்கும் ஒரு பேரு வெச்சிக்கலாம், வுடு."

பெயர் தயாராக வைத்திருப்பவர்கள் கமெண்டில் போடவும். தேவைப்படும் போலிருக்கிறது.