மருந்துத் தொட்டியும் மச்சான் கொடுத்த சேவலும்

கோழி டாக்டர் என்று சொன்னால் சிரிக்காதவர்கள் கோழி வளர்ப்பவர்கள் மட்டும்தான். தொண்ணூறுகளில் மைசூரைச் சுற்றிப் பண்ணை பண்ணையாக அலைந்த என் சகாக்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். பறவைக் காய்ச்சல் என்ற பெயர் அப்போது நம் பக்கம் வரவில்லை. நம் தூக்கத்தைக் கெடுக்க வெள்ளைக்கழிச்சல் நோய் ஒன்றே போதுமானதாக இருந்தது.

கால் கழுவிய கதை

ராமாபுரத்துக்காரர் சின்னசாமி, ஊரில் இருந்த நிலத்தை விற்று, மைசூருக்கு வெளியே கொள்ளேகால் ரோட்டில் கொட்டகை போட்டிருந்தார். அந்தக் கோழிகள்தான் குடும்பத்தின் மொத்தச் சொத்து. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி வைத்து, வருகிறவர்கள் அதை மிதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

அடுத்த முறை போய்ப் பார்த்தால், எல்லோரும் செருப்பைக் கழற்றி வைத்து, பயபக்தியோடு காலை நனைத்து, மறுபடி அதே செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள்! ஊரெல்லாம் மிதித்த கிருமி செருப்பில்தானே இருக்கிறது என்று கத்தினேன். சின்னசாமி சாந்தமாகச் சொன்னார்: "தோல் செருப்புங்க டாக்டர், நனைச்சா வீணாப் போயிருமுங்க."

தாகம்

தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்துதான் கொடுப்போம். அதற்கு முன் கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டக் கூடாது. தாகம் இருந்தால்தான் கோழி குடிக்கும். நான் மருந்தைக் கலந்து வைத்தால் ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னசாமியின் மனைவி பழனியம்மா எனக்குத் தெரியாமல் வயிறு முட்டத் தண்ணீர் காட்டியிருக்கிறார். பெங்களூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மருந்து, கலந்த பிறகு ஓரிரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது; அத்தனையும் பாழ். அந்தம்மா கேட்டார்: "வாயில்லாச் சீவனுங்க தவிக்கறப்ப நா மட்டும் எப்படிங்க காப்பி குடிக்கறது?"

அண்ணன் சீர்

அடுத்த மருந்து வந்து சேருமுன், குண்டலுபேட்டையில் பழனியம்மாவின் அண்ணன் பண்ணையில் நோய் விழுந்துவிட்டது. அங்கே யாரும் போக வேண்டாம், அங்கிருந்து எதுவும் வர வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

மருந்தோடு போன அன்று, கொட்டகைத் தூணில் கட்டியிருந்த ஒரு சேவல், வெள்ளைக்கழிச்சல் முற்றிய கோழிகளைப் போலவே கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடந்தது. அண்ணன் நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போனாராம். என் முகத்தைப் பார்த்ததும் பழனியம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கேட்டார்: "கூடப் பொறந்தவன் குடுக்கறத வேண்டாம்னு வாசல்லயே திருப்பி அனுப்புவாங்களா டாக்டர்?"

வெறும் கொட்டகை

கடைசிக் கோழியையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்த பிறகு போனேன். விறுவிறுவென்று கொட்டகைக்குள் காலை வைக்கப் போனவனைப் பழனியம்மா குறுக்கே கை நீட்டி நிறுத்தினார். தொட்டியில் புது மருந்துத் தண்ணீர். அதில் சின்னசாமி தன் தோல் செருப்போடு இறங்கி, அசையாமல் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஒரு இறகுகூட இல்லை. பழனியம்மா சொன்னார்: "செருப்ப நனைச்சுட்டு வாங்க டாக்டர்."

கோழி இருக்கும்வரை நனையாத செருப்பு, கோழி போன பிறகு நனைவதைப் பார்ப்பதற்குத்தான் நமக்கெல்லாம் சம்பளம் கொடுத்தார்கள்.